ஐரோப்பியச் சுற்றுலாவில் கைபேசி: ரோமிங் செலவும் ஓயாத அழைப்புகளும்

ஆழியாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மே மாத இறுதியில் நானும் என் கணவரும் ஒரு சுற்றுலாக் குழுவோடு பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று ஏறத்தாழ இரண்டு வாரம் சென்றுவர இருக்கிறோம். விசாவிலிருந்து ஊறுகாய் வரை எல்லாம் முடிவாகிவிட்டது. கைபேசி விஷயத்தில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பாரிஸில் இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும், ஐரோப்பா முழுவதும் ரோமிங் இலவசம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன். இந்திய எண்ணிலேயே சர்வதேச ரோமிங் பேக் போட்டுக்கொள்வதுதான் வம்பில்லாதது என்கிறார் பயண முகவர். எதிர்வீட்டுக்காரரோ, எந்தப் பேக்கும் போடாமல் ஒருமுறை வெளிநாடு போய்வந்து, போஸ்ட்பெய்டு பில்லைப் பார்த்த நாளிலிருந்து, விமானம் ஏறும் முன் கைபேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் அங்கிருந்து அதிகம் பேசவே இல்லையாம். வந்த அழைப்புகளை எடுத்ததற்கும் எடுக்காமல் விட்டதற்கும் சேர்த்தே பணம் பிடித்திருக்கிறார்கள். எடுக்காத அழைப்புக்கு எப்படிக் கட்டணம் வரும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் கணவர் பொள்ளாச்சியில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை நடத்துகிறார். காலை ஆறு மணிக்கு அவருடைய எண் ஒலிக்கத் தொடங்கினால் இரவு வரை ஓயாது. சில ஆண்டுகளுக்கு முன் காஷ்மீருக்குச் சென்றிருந்தோம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே இயங்காதாம்; ஸ்ரீநகரில் இறங்கியதும் எங்கள் இருவர் கைபேசியும் ஊமையாகிவிட்டன. முதல் நாள் அவர் தவித்த தவிப்பைச் சொல்லி மாளாது. மறுநாளிலிருந்து தால் ஏரியை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார். நாங்கள் போன பயணங்களிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் இம்முறை அப்படி முற்றிலும் துண்டித்துக்கொள்ள இயலாது. வீட்டில் என் மாமியார் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணி வருகிறார் என்றாலும், ஏதாவது அவசரம் என்றால் எங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். வங்கியின் ஓடிபியும் இந்திய எண்ணுக்குத்தான் வரும்.

செலவு கைமீறாமலும், அவசரத் தகவல் தவறாமலும், அதே சமயம் கடை எங்களோடு ஆல்ப்ஸ் மலைக்கு ஏறி வராமலும் இருக்க என்ன செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய எக்சேஞ்ச் பதில்:

அம்மா, தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எதிர்வீட்டுக்காரரின் பில்லிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் உங்கள் எண்ணை அழைக்கும்போது, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், அந்த அழைப்பு முதலில் இந்தியாவில் உள்ள உங்கள் நிறுவனத்தின் இணைப்பகத்துக்குத்தான் போகும். உங்கள் கைபேசி அப்போது எந்த நாட்டின் எந்த வலையமைப்பில் பதிவாகியிருக்கிறது என்ற குறிப்பு அங்கே இருக்கும். அதைப் பார்த்து அழைப்பைப் பாரிஸுக்கு அனுப்புவார்கள். நீங்கள் வெளிநாட்டில் இருப்பது அழைத்தவருக்குத் தெரியாது என்பதால் அவரிடம் உள்நாட்டுக் கட்டணத்துக்கு மேல் கேட்க முடியாது. மிச்சத் தூரத்துக்கான பணம் உங்கள் கணக்கில்தான் ஏறும். நீங்கள் எடுக்காமல் விடும்போதுதான் விபரீதம் நடக்கிறது. ‘பதில் இல்லையென்றால் வேறு எண்ணுக்குத் திருப்பு’ என்ற ஏற்பாடு உங்கள் இணைப்பில் எப்போதோ போடப்பட்டிருந்தால், பாரிஸில் சிறிது நேரம் ஒலித்து ஓய்ந்த அதே அழைப்பு மறுபடியும் இந்தியாவுக்குத் திருப்பப்படும். போனதற்கு ஒரு கட்டணம், திரும்பி வந்ததற்குப் பாரிஸிலிருந்து இந்தியாவுக்குப் பேசியதாக இன்னொரு கட்டணம். வாய்ஸ்மெயிலுக்கும் இதே கதைதான். நிறுவனங்கள் சில இணைப்புகளில் தாமாகவே இதைப் போட்டுவைப்பதும் உண்டு. கிளம்பும் முன், இந்தியாவில் இருக்கும்போதே, இரு கைபேசிகளிலும் ##002# என்று அழுத்தி அழையுங்கள். எல்லா அழைப்புத் திருப்பல்களும் நீங்கிவிடும்.

அடுத்து உங்கள் மகன் சொல்வது. அது பாதி சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் ரோமிங் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. அழைத்துப் பேச நிமிடத்துக்கு 49 சென்ட், அழைப்பைப் பெற 24 சென்ட் என்று தொடங்கி, ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வந்து, 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் கூடுதல் கட்டணமே கூடாது என்று ஆக்கியது. 2022இல் அந்த விதியை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தார்கள். ஆனால் அது ஒன்றியத்துக்குள் வாங்கிய சிம்முக்கு மட்டுமே பொருந்தும். நம் ஊர் சிம்மோடு போகிறவருக்கு அந்த விதியால் ஒரு பைசா லாபமும் இல்லை. இன்னொன்று, சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. பாரிஸில் வாங்கும் சிம் மிலானிலும் ரோமிலும் கேட்டதைக் கொடுக்கும். நடுவே நீங்கள் அதிகம் படம் எடுத்து அனுப்பப்போகும் நாட்டில் தனிக் கட்டணம் பிடிக்கலாம். சில நிறுவனங்கள் சுவிட்சர்லாந்தையும் சேர்த்தே தருகின்றன. சிம்மோ, அட்டை இல்லாமல் கைபேசியிலேயே பதிவாகும் இ-சிம்மோ எதை வாங்கினாலும், நாடுகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் யோசனை இது. இந்திய சிம் இருக்கட்டும். அதில் சர்வதேச ரோமிங்கை இங்கேயே செயல்படுத்திவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள். ஓடிபி குறுஞ்செய்தி அதில் வரும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலான திட்டங்களில் கட்டணம் இல்லை. இணையத்துக்கு மட்டும் சுவிட்சர்லாந்தும் அடங்கிய ஐரோப்பிய சிம் அல்லது இ-சிம். ஐஃபோனாக இருந்தால், டேட்டா இணைப்பை ஒரு சிம்மிலிருந்து மற்றொன்றுக்குத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியையும் அணைத்துவிடுங்கள். சிம் மாற்றும்போது ஐஃபோனின் செய்திச் சேவையான ஐமெசேஜ் தன்னைப் பதிவுசெய்துகொள்ள, நமக்குத் தெரியாமலே வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அதற்கும் கட்டணம் உண்டு. வாட்ஸ்அப்பில் ரோமிங்கின்போது படங்களும் காணொலிகளும் தானாக இறங்காதபடி செய்ய ஒரு தெரிவு இருக்கிறது. படங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் செயலிகளை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள். உறங்கும் நேரத்தில் அன்றைய டேட்டாவைத் தின்றுதீர்ப்பவை பெரும்பாலும் இவைதாம்.

இத்தனையும் தலைவலி என்றால், பயண முகவர் சொன்ன ரோமிங் பேக் ஒன்றும் கெட்ட யோசனை அல்ல. கூடுதலாகக் கொடுக்கும் பணம் நிம்மதிக்கான விலை. ஆனால் பேக்கின் நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது என்பதையும், விமானத்துக்குள் அது செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கும்போது சில விமானங்களில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் தனி வலையமைப்பு உண்டு. ஃபிளைட் மோடில் போடாத கைபேசி தானாகவே அதில் பதிவாகிவிடும். பல பேக்குகளில் அது சேராது. கட்டணம் மயக்கம் வரவழைக்கும்.

ஆரெ நதி பதில்:

அக்கா, நான் யாழ்ப்பாணத்தவன். சுவிஸின் பேர்ண் நகரில் பல ஆண்டுகளாக வசிக்கிறேன். மேலே ஐயா சொன்னதோடு எல்லைப் பிரச்சினை ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன்.

சுவிஸ் சிறிய நாடு என்பதால் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, கைத்தொலைபேசிக்கும் தெரியாது. பாசல் நகரில் நிற்கும்போது பிரான்சின் அலையோ ஜெர்மனியின் அலையோ வந்து சேரும். ஜெனீவாவிலும் அப்படித்தான். சுற்றுலாக் குழுக்கள் தவறாமல் அழைத்துச் செல்லும் ரைன் அருவி ஜெர்மன் எல்லைக்கு அருகில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள பூசிங்கன் என்ற ஊர், நாலாபுறமும் சுவிஸ் நிலம் சூழ்ந்திருந்தும் ஜெர்மனிக்குச் சொந்தமானது. லீக்டன்ஸ்டைன் தலைநகர் வாடுஸில் பேருந்தை நிறுத்தித் தபால்தலை வாங்க விடுவார்கள். அந்தக் குட்டி நாடு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தது, ரோமிங் விதி அங்கே செல்லும். ஆனால் ரைன் ஆற்றின் மறுகரையில் சுவிஸ் கோபுரம் நிற்கிறது. உங்களிடம் இருப்பது சுவிஸ் அடங்காத சிம்மாக இருந்தால் இத்தகைய இடங்களில் வலையமைப்பைத் தானாகத் தெரிவுசெய்ய விடாமல் கையால் தெரிவுசெய்துகொள்ளுங்கள், அல்லது தரவை நிறுத்திவையுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், பாரிஸ் சிம்மின் மீதித் தொகை முழுவதையும் பாசல் நிலையத்தில் தொடருந்துக்குக் காத்திருந்த நேரத்திலேயே கரைத்துவிட்டார்.

இரண்டாவது, சத்தம். இங்கே பொதுவிடத்தில் உரக்கப் பேசினால் ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். திரும்பி ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வை நம்மவர்களுக்குப் பெரும்பாலும் புரிவதில்லை. நீண்ட தூரத் தொடருந்துகளின் முதல் வகுப்பில் அமைதிப் பகுதி என்று தனியாக ஒன்று உண்டு. அங்கே தொலைபேசியில் மெதுவாகப் பேசுவதும் தவறு. குழுவுக்கு எடுத்த சீட்டு முதல் வகுப்பாக இருந்தால் கதவில் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பிரான்சின் விரைவுத் தொடருந்துகளில் பேச வேண்டுமென்றால் எழுந்து இரண்டு பெட்டிகளுக்கு இடைப்பட்ட இடத்துக்குப் போகும்படி அறிவிப்பார்கள். 2025 பெப்ரவரியில் நான்ட் நகர நிலையத்தில் ஒலிபெருக்கியைப் போட்டுத் தன் சகோதரியோடு பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு அபராதம் விதித்த செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. உடனே கட்டினால் 150 யூரோ; அவர் மறுத்ததால் 200 ஆனது என்று எழுதினார்கள். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்றாலும் தெரிந்திருப்பது நல்லது.

யுங்பிரவ் மலைத் தொடருந்தின் கடைசி நிலையத்துக்குப் போனீர்களென்றால், 3,454 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்த நிலையத்திலும் அலை நன்றாகவே வரும். பனியில் நின்றுகொண்டு ஊருக்கு வீடியோ அழைப்பு எடுத்து, ‘இதோ பார், இதோ பார்’ என்று காட்டிக்கொண்டே, தாங்கள் ஒன்றையும் பார்க்காமல் கீழே இறங்குபவர்களை அங்கே போகும் ஒவ்வொரு முறையும் காண்கிறேன்.

கூழாங்கல் பதில்:

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்திய சிம்மைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, விடுதிக்குத் திரும்பியதும் அங்குள்ள வைஃபையில் வீட்டாரோடு பேசினால் போதாதா? பகல் முழுவதும் எவரும் தேட மாட்டார்கள், செலவும் இல்லை.

முன்னிருக்கை பதில்:

கூழாங்கல் அவர்களே, நான் சென்னையிலிருந்து குழுக்களை அழைத்துச் செல்லும் வேலையில் இருப்பவன் என்பதால் மறுக்க வேண்டியிருக்கிறது. ரோமில் கூட்டத்தோடு நடக்கும்போது ஓர் அம்மா திரெவி நீரூற்றில் காசு போட ஒரு நிமிடம் நின்றால் போதும், குழு தெருத் திரும்பிப் போயிருக்கும். அப்போது அவர் கையில் இயங்கும் கைபேசி இல்லையென்றால் எல்லோருடைய மாலையும் அவரைத் தேடுவதில் கழியும். வைஃபை இருந்தாலும் ஓடிபி வராது, ஏனெனில் அது வலையமைப்பு வழியாக வரும் குறுஞ்செய்தி. அட்டை நடுவழியில் முடங்கினால் இரவு வரை காத்திருக்க நேரும். எனவே கழற்றிவைப்பது தீர்வல்ல.

ஆழியாற்றங்கரை அம்மா கேட்ட கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டணத்துக்கு வழி இருக்கிறது. கிளம்பும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து அமைப்புகளைச் சரிசெய்தால் முடிந்துவிடும். ஆனால் பேக் போட்டு, அழைப்புகள் ‘இலவசம்’ ஆன பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்பு நிமிடத்துக்கு நூறு ரூபாய் போகிறது என்ற பயத்தில் ஊர்க்காரர்களே ‘அப்புறம் பேசலாம்’ என்று வைத்துவிடுவார்கள். இப்போது வரம்பில்லாத உள்வரும் அழைப்பு என்று தெரிந்ததும் கரண்ட் பில்லிலிருந்து கல்யாண அழைப்பு வரை எல்லாம் வந்துவிடுகிறது. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளும் கூடவே பயணம் செய்கின்றன. கிளம்புவதற்குச் சில நாள் முன்பே 1909 என்ற எண்ணுக்குத் தெரிவித்து விளம்பர அழைப்புகளைத் தடுத்துவைத்தால் அவை பெருமளவு குறையும்.

நேரக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கோடையில் பாரிஸும் ரோமும் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னே இருக்கின்றன. பொள்ளாச்சியில் காலை ஆறு மணிக்குக் கடை எண்ணை அழைக்கும் விவசாயி, பாரிஸில் உங்களை இரவு இரண்டரை மணிக்கு எழுப்புவார், அவர்மேல் குற்றமில்லை. நீங்கள் காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏறி உட்காரும்போது அங்கே பதினொன்றரை, வியாபாரம் சூடுபிடித்திருக்கும் நேரம். பேருந்தில் வழிகாட்டி ஒலிவாங்கியைக் கையில் எடுப்பதும் அப்போதுதான். வரலாறு சொல்லிக்கொண்டிருக்கும் அவருடைய குரலையும், பின்னிருக்கையிலிருந்து ‘அந்த இரண்டு எச்பி மோட்டாரைக் கொடுத்துடாதே’ என்று வரும் குரலையும் நாற்பது பேர் சேர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. மாலையில் நிலைமை மாறிவிடும். ஏழரை மணிக்கு நீங்கள் சாப்பிட உட்காரும்போது ஊரில் பதினொன்று, எல்லோரும் படுத்திருப்பார்கள். அதனால் பகல் பொழுதுக்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும். நான் அழைத்துச் செல்லும் குழுக்களில், பகல் உணவு இடைவேளையில் மட்டும் ஊருக்குப் பேசுவது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அப்போது இந்தியாவில் மாலை நாலரை ஐந்து மணி இருக்கும், கடையும் திறந்திருக்கும், வீட்டிலும் விழித்திருப்பார்கள். எல்லோரும் கேட்பதில்லை. கேட்பவர்கள் ஊருக்கு வந்த பிறகு நன்றி சொல்கிறார்கள்.

வாடிகனில் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் படம் எடுப்பதற்கே தடை உண்டு. காவலர்கள் அவ்வப்போது குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே நுழையும் முன் கைபேசியின் ஒலியை அணைத்துவிடச் சொல்லுங்கள். ரோமில் ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து ஜேப்படித் திருடர்களுக்குப் பேர்போனது. அதில் ஏறினால் பேசிக்கொண்டே கதவருகில் நிற்க வேண்டாம்.

ஆழியாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. பதில்களை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டரை மணி என்றதும் கொஞ்சம் யோசித்தார். பின்னிருக்கைக் குரல் வந்த இடத்தில், ‘இவர் நம் கடைக்கு வந்திருக்கிறாரா?’ என்று கேட்டார். கடையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி நன்றாகப் பழகிய பையன்தான். விலை சொல்லவும் கடன் சொல்லவும் அவனுக்குத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர்கள் அனைவரிடமும் இவருடைய எண்தான் இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் புது எண் கொடுப்பது நடக்காத காரியம். இவருடைய எண்ணுக்கு வரும் அழைப்புகள் மட்டும் அந்தத் தம்பியின் கைபேசிக்குப் போகும்படி செய்தால், பழைய எக்சேஞ்ச் ஐயா சொன்ன அந்த இரட்டைக் கட்டணம் வந்துவிடுமா? மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி என்னை வாட்ஸ்அப்பில் அழைத்துக்கொள்வார்.

பழைய எக்சேஞ்ச் பதில்:

வராது. திருப்பல்களில் இரண்டு வகை உண்டு. ‘பதில் இல்லையென்றால்’, ‘வேறு அழைப்பில் இருந்தால்’ என்பவை நிபந்தனைக்கு உட்பட்டவை. அழைப்பு உங்களைத் தேடிப் பாரிஸ் வரை வந்து பார்த்துவிட்டுத்தான் திரும்பும். ‘எப்போதும் திருப்பு’ என்பது அப்படியல்ல. அந்த முடிவு இந்தியாவில் உள்ள உங்கள் இணைப்பகத்திலேயே எடுக்கப்பட்டு, அழைப்பு நேராகத் தம்பியின் எண்ணுக்குப் போய்விடும். நாட்டின் எல்லையைத் தாண்டுவதே இல்லை. அதனால் ரோமிங் கட்டணத்துக்கு இடமில்லை. திருப்பிய அழைப்புக்கு உள்நாட்டுக் கட்டணம் உண்டா என்பது உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. குறுஞ்செய்திகள் திரும்பாது, ஓடிபி உங்கள் கணவரின் கைபேசிக்கே வரும்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் ##002# போட்டு எல்லாவற்றையும் நீக்குங்கள். அதன் பிறகு கைபேசியின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய் ‘எப்போதும் திருப்பு’ என்பதில் தம்பியின் எண்ணைக் கொடுங்கள். பின்னால் மறுபடியும் ##002# அழுத்தினால் இதுவும் சேர்ந்து போய்விடும். அழைப்புத் திருப்பலை வைத்து மோசடி பெருகியதால், *401# என்ற குறியீட்டை அழுத்தித் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி அரசு சொன்னது. ஆகவே அமைப்புகளில் செய்ய முடியவில்லையென்றால் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு நேரில் செல்லுங்கள். முன்பின் தெரியாதவர் தொலைபேசியில் சொல்லும் எண்ணை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் அழுத்த வேண்டாம்.

வங்கியோ கூரியர்காரரோ குரல்வழியில் சரிபார்க்க அழைத்தால் அதுவும் தம்பிக்குத்தான் போகும் என்பதை அவரிடம் சொல்லிவையுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் வேறொரு எண்ணிலிருந்து உங்கள் கணவரை அழைத்து, கடையில் மணி அடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊர் திரும்பியதும் ##002# ஒருமுறை அழுத்தினால் வாடிக்கையாளர்கள் அவரிடமே வந்து சேர்வார்கள்; எந்த நாளில் அழுத்துவது என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.